ஐந்து பேர், ஐந்து யோசனை: ஆச்சியின் கதையை என்ன செய்வது?

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். 46 வயது, வீட்டோடு ஒரு தையல் கடை. பிறந்தது தேவகோட்டைப் பக்கம் ஒரு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊரில். அவர் நகரத்தார் வீட்டுப் பெண் இல்லை; அவருடைய அம்மா அந்த ஊரின் பெரிய வீடு ஒன்றில் நெடுங்காலம் சமையல் வேலை பார்த்தவர். வாசகி இரண்டு வருடமாகச் சிறுகதை எழுதிப் பழகுகிறார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவர் வீட்டு முகப்பில் கூடி, எழுதியதைப் படித்துப் பேசும் சின்ன வட்டத்தில் சேர்ந்திருக்கிறார்.

அவருடைய கதைக் கரு இது. ஒரு பெரிய வீட்டில் 85 வயது ஆச்சி தனியாக இருக்கிறார். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பங்காளிகள் வீட்டை விற்கத் தீர்மானித்துப் பத்திரப்பதிவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஆச்சி மட்டும் கையெழுத்துப் போட மறுக்கிறார். பன்னிரண்டு வயதில் அப்பச்சியின் (அப்பாவின்) கையைப் பிடித்துக்கொண்டு பர்மாவிலிருந்து நடந்தே வந்ததை நினைத்துப் பார்க்கிறார். வந்தவர்கள் திரும்பிப் போகிறார்கள், வீடு தப்பிக்கிறது.

வட்டத்தில் ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொன்னார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பத்திரம் பதிகிற அன்று காலையில் ஆச்சி இறந்துவிட வேண்டும் என்றார். வங்கி ஊழியர் ஒருவர், ஆச்சியே வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக ரகசியமாக விற்று வந்திருக்கிறார் என்று கடைசியில் ஒரு திருப்பம் வைக்கச் சொன்னார். பழம்பொருள் கடை வைத்திருப்பவர், "எங்க தொழில் உங்களுக்குத் தெரியல. எடுத்த எடுப்பில் தூணைக் கேட்டு எவனும் வரமாட்டான்" என்றார். சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு கையெழுத்து இல்லாததால் வீடு தப்பித்தது என்பது நடக்காத காரியம் என்றார். கல்லூரி மாணவி ஒருத்தி, "பர்மாப் பகுதியைத் தள்ளிட்டுத்தான் படிச்சேன் அக்கா. இரண்டாங்கட்டில் தேங்காய் துருவிக்கிட்டு ஒருத்தங்க வர்றாங்களே, அந்த இடம் மட்டும் பிடிச்சது. அவங்க யாரு?" என்று கேட்டாள்.

வாசகி நான்கு முறை திருத்தி எழுதிவிட்டார். "ஒவ்வொரு தடவையும் ஒருவருக்காக எழுதியது போல ஆகிவிட்டது. முதலில் நான் என்ன எழுத நினைத்தேன் என்பதே மறந்துவிட்டது" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, வங்கி ஊழியரின் திருப்பத்தை எடுத்துக்கொண்டால் கதை என்னுடையதாக இருக்குமா, யாராவது கருவைத் திருடிவிட்டால் என்ன செய்வது, அந்த வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்களா என்பவை அவருடைய கேள்விகள். "ஊரார் வீட்டு விஷயம் நமக்கெதுக்கு" என்று கணவர் தடுப்பதாகவும் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை நான் இங்கே விட்டுவிட்டேன்.

இனி உங்களோடு நேராகப் பேசுகிறேன். கதைத் தொகுப்புகளுக்கு எடிட்டராக வேலை பார்க்கிறவன் என்கிற முறையில் சொன்னால், உங்களுக்கு வாய்த்திருப்பது நல்ல வட்டம். பல வட்டங்களில் "அருமை", "கண் கலங்கியது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. உங்களுடையவர்கள் படித்திருக்கிறார்கள், முரண்பட்டிருக்கிறார்கள், ஒருவர் பத்திரம் எப்படிப் பதிவாகும் என்பது வரை யோசித்திருக்கிறார். சிக்கல் அவர்கள் சொன்னதில் இல்லை, நீங்கள் அதை வாக்கெடுப்பாக எண்ணியதில் இருக்கிறது. "மூன்று பேர் முடிவு சரியில்லை என்றார்கள், அதனால் முடிவை மாற்றினேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். கம்பன் திருநாளும் பட்டிமன்றமும் கேட்டு வளர்ந்த ஊர். யார் பக்கம் வெற்றி என்று பார்க்கும் பழக்கம் நமக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. கதைக் கூட்டத்தில் நடுவர் தீர்ப்பு கிடையாது.

நால்வர் இடறிய இடம்

வாசகர் ஒருவர் "இங்கே எனக்கு அலுத்தது", "இதை நான் நம்பவில்லை" என்று சொன்னால் அநேகமாக அது உண்மை. தன் அலுப்பை அறிய அவரைவிட வேறு யார் இருக்கிறார்கள்? "ஆகவே இப்படி மாற்றுங்கள்" என்று அவர் சொல்கிற வைத்தியம் வேறு விஷயம். அது அவருடைய ருசி, அவர் எழுத விரும்பும் கதை. பெரும்பாலும் உங்களுக்குப் பொருந்தாது. ஆகவே வைத்தியத்தை ஓரமாக வைத்துவிட்டு, எந்த வலிக்கு இதைச் சொல்கிறார் என்று பாருங்கள்.

தமிழாசிரியர் ஏன் ஆச்சியைக் கொல்லச் சொல்கிறார்? கதையின் கடைசியில் ஏதாவது நடக்க வேண்டும் என்று அவருக்குப் படுகிறது. வங்கி ஊழியர் ஏன் திருப்பம் கேட்கிறார்? ஆச்சி இதுவரை எதுவும் செய்யவில்லை, ஒன்றையாவது செய்யட்டும் என்று நினைக்கிறார். பதிவு அலுவலக நண்பர் சட்டம் பேசுகிறார். மறுத்ததற்கு ஆச்சி எந்த விலையும் கொடுக்கவில்லையே என்ற உறுத்தல் அதற்குள் இருக்கிறது. மாணவி பர்மாவைத் தள்ளிவிட்டுப் போனதற்கும் அதேதான் காரணம். அங்கே ஆச்சி உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆளுக்கொரு யோசனை சொன்னாலும் நால்வரும் ஒரே குழியில்தான் கால் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஆச்சிக்கு ஒரு நிலைப்பாடு இருக்கிறது, அவர் செய்வதற்கு ஒரு காரியம் இல்லை.

"வீட்டை விற்கக் கூடாது என்று ஆச்சி நினைக்கிறார்" என்பது ஒரு நிலைமை. அதைக் கதைக் கருவாக்க இன்னும் கொஞ்சம் வேண்டும். அவருக்குக் குறிப்பாக என்ன வேண்டும்? எதற்குள் வேண்டும்? அதற்காக எதை இழக்கத் தயார்? கிடைக்காமல் போனால் மறுநாள் காலையில் அவர் என்ன செய்வார்? இந்த நான்குக்கும் உங்கள் பதிலை நான்கு வரியில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால், ஐந்தாவது வடிவத்தைத் தொடங்காதீர்கள்.

தகவல் பிழைக்கு மட்டும் விவாதம் வேண்டாம்

ருசி பற்றிய கருத்தை எடை போடலாம். தகவல் பிழை என்று ஒருவர் சொன்னால் சரிபார்த்து உடனே திருத்திவிடுங்கள். உங்கள் வட்டத்தில் இரண்டு பேர் தங்கள் தொழிலிலிருந்து பேசியிருக்கிறார்கள். அவர்களை நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்து போகிறீர்கள். எனக்கு அங்கேதான் கதைக்கான தீனி அதிகம் தெரிகிறது.

பதிவு அலுவலக நண்பர் சொன்னது சரி. கூட்டாக இருக்கும் வீட்டை முழுதாக விற்க எல்லாப் பங்குக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மறுத்தால் விற்பனை நிற்கும், ஆனால் வீடு தப்பிவிடாது. மற்றவர்கள் தங்கள் பிரிபடாத பாகத்தை மட்டும் விற்கலாம், அல்லது பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். துண்டு போட முடியாத கட்டடம் என்றால் அதை விற்றுப் பணத்தைப் பங்கிடும்படி நீதிமன்றம் உத்தரவிட முடியும். 1893ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆக, ஆச்சியின் மறுப்பு காலத்தைத்தான் வாங்கித் தரும். எதற்கான காலம் என்று கேட்டுப் பாருங்கள். அந்த வீட்டில் முன்னோருக்கு இன்னும் ஒரு படைப்பு நடக்க வேண்டும் என்பதற்கா? யாரோ ஒருவர் வந்து சேர வேண்டும் என்பதற்கா? நீங்கள் பிழை என்று நினைத்து வருத்தப்பட்ட இடத்தில் கருவுக்குத் தேவையான "எதற்குள்" என்பது கிடைக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் கதையில் பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் எல்லாரும் ஆண்கள். 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுவதும் வந்த வாரிசுரிமைத் திருத்தங்களுக்குப் பிறகு மகள்களும் பங்கு கேட்கலாம். ஆச்சிக்கு ஒரு மகள் இருந்து, அவளும் விற்கும் பக்கம் நின்றால்?

பர்மா விஷயத்தில் யாரும் கவனிக்காத ஒரு கணக்கு உதைக்கிறது. ஜப்பானியர்கள் பர்மாவுக்குள் வந்து நம்மவர்கள் நடந்தே தப்பித்தது 1942இல். கதை நடப்பது இன்று. ஆச்சியின் பேரன் கைப்பேசியில் பேசுகிறான். இன்று 85 வயது ஆச்சிக்கு அன்று கைக்குழந்தை வயது. பன்னிரண்டு வயதில் நடந்து வந்தவர் என்றால் இப்போது தொண்ணூறைத் தாண்டி வெகுநாளாகியிருக்க வேண்டும். அதோடு, கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போன வீடுகளில் பொதுவாக ஆண்கள்தான் கப்பலேறினார்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடை வேலைக்கு மூன்று வருடக் கணக்குப் போட்டுப் போவார்கள். பெண்கள் ஊரிலேயே இருந்து வீட்டையும் வரவு செலவையும் பார்த்துக்கொண்டார்கள். 1930களில் நெல் விலை சரிந்து, கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு செட்டியார்கள் கைக்கு வந்தது, பிறகு போர், 1948இல் நில தேசியமயச் சட்டம் எல்லாம் வரலாறு. நீங்கள் அதை நன்றாகவே படித்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் ஆச்சி அதற்குள் இருந்தவர் இல்லை. பர்மாவுக்குப் போனவர்களுக்காக ஊரில் காத்திருந்த ஒருத்தியின் மகளாகவோ மருமகளாகவோ அவர் இருந்திருக்கலாம். அப்படியென்றால் அந்த வீட்டின் மேல் அவருக்கு இருக்கும் உரிமை எப்பேர்ப்பட்டது! சம்பாதித்தவர்கள் அதில் குடியிருந்த நாள் குறைவு, மெழுகிப் பெருக்கி விளக்கேற்றியவர்கள் பெண்கள். மாணவி தள்ளிவிட்டுப் போன பக்கங்களை வெட்டிவிடுங்கள். வெட்டியது உங்களுக்குத் தெரிந்தால் போதும், கதைக்குள் இருக்க வேண்டியதில்லை.

பழம்பொருள் கடைக்காரரிடம் ஒரு நாள் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளைப் பார்த்தாலே அவர் சொல்ல வந்தது புரியும். எனாமல் தூக்கு, பித்தளைப் பாத்திரம், பர்மா மரவை, சாமி படம், பழைய பொம்மை என்று பையில் கொண்டுபோகக்கூடியவைதான் வீட்டைவிட்டு முதலில் வெளியேறும். கதவும் நிலையும் அப்புறம். தேக்குத் தூண் கடைசி. அதை எடுக்க வேண்டுமானால் மேலே இருக்கும் கூரையை இறக்க வேண்டும். உங்கள் முதல் வடிவத்தில் வியாபாரி தூணைத் தட்டிப் பார்த்துக்கொண்டே உள்ளே வருகிறார். சினிமாவில் அப்படி வருவார்கள்.

அந்தத் தேங்காய் துருவும் பெண்

மாணவியின் கேள்வியை நீங்கள் கண்டுகொள்ளவே இல்லை. "சின்னப் பெண், கதையின் முக்கிய விஷயத்தைப் பிடிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இணைத்திருந்த நான்கு வடிவங்களையும் படித்தேன். நான்கிலும் மாறாமல் நிற்கும் பத்தி ஒன்றே ஒன்று: இரண்டாங்கட்டில் உட்கார்ந்து தேங்காய் துருவுகிற பெண், பட்டாலையில் பேச்சுச் சத்தம் உயரும்போது துருவலை நிறுத்தி, அடங்கியதும் மறுபடி தொடங்குவது. அது நீங்கள் பார்த்த காட்சி என்று படிக்கிறவருக்குத் தெரிகிறது. மற்றதெல்லாம் முகப்பிலிருந்து எட்டிப் பார்த்து எழுதியது போல இருக்கிறது. ஆச்சியின் மனசுக்குள் பக்கம் பக்கமாகப் போகிறீர்கள், ஆனால் அந்த வீட்டை உங்களுக்குச் சமையல்கட்டிலிருந்துதான் தெரியும். கடிதத்தில் அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியது மொத்தம் இரண்டு வரி. அந்த இரண்டு வரியில் இருக்கிற உயிர் கதையின் பாதிப் பக்கங்களில் இல்லை.

பெரிய வீட்டுக் கதை என்றால் பெரிய வீட்டு ஆளின் கண்ணால்தான் சொல்ல வேண்டும் என்று யாரும் விதி போடவில்லை. சொத்தில் பங்கு இல்லாத, பத்திரத்தில் பெயர் இல்லாத, ஆனால் வீடு விற்றுப்போனால் வேலையையும் ஒரு ஆயுள் பழக்கத்தையும் இழக்கப்போகிற ஒருத்தி அங்கே இருக்கிறாள். ஆச்சி கையெழுத்துப் போடுவாரா மாட்டாரா என்பது அவளுக்கும் ஆச்சிக்கும் ஒரே அர்த்தம் கொண்ட கேள்வி இல்லை.

இங்கே ஒரு சோதனை செய்து காட்டுகிறேன். வங்கி ஊழியரின் திருப்பத்தையும் கடைக்காரரின் விவரத்தையும் சேர்த்தால் என்ன வரும்? 85 வயது ஆச்சி பையைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிக்குப் பஸ் ஏற முடியாது. சாமான்கள் வெளியே போயிருந்தால் யாரோ கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். யார்? தேங்காய் துருவுகிறவள்தான். பங்காளிகள் வந்து சாமான் கணக்குப் பார்க்கும் நாளில் பழி யார் மேல் விழும்? ஆச்சி வாய் திறப்பாரா? பாருங்கள், ஒரு கதை தானாக ஓடத் தொடங்குகிறது. ஓடட்டும், ஆனால் இது என் கையிலிருந்து ஓடுகிற கதை. ஐந்து பேரோடு ஆறாவதாக நானும் யோசனை சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். இதை அப்படியே எழுதாதீர்கள். இப்படி எழுதினால் உங்களுக்கு வேறு ஒரு ஆபத்தும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கரு யாருக்குச் சொந்தம்?

இரண்டு பயங்களை நீங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். திருட்டுப் பயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் பதிப்புரிமை எண்ணத்துக்குக் கிடையாது, அதை எழுதிய வடிவத்துக்குத்தான். ஒரு நாடக ஆசிரியர் திரைப்படக்காரர்கள் மேல் போட்ட வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. "வீட்டை விற்க மறுக்கும் ஆச்சி" என்ற கரு உங்களுக்கும் சொந்தமில்லை, வேறு யாருக்கும் சொந்தமில்லை. செட்டிநாட்டில் எழுதுகிற பத்துப் பேருக்கு அது தோன்றும். நீங்கள் எழுதிய பத்திகளை ஒருவர் அப்படியே எடுத்தால் அது வேறு. அங்கே சட்டம் உங்கள் பக்கம். பதிவு செய்தால்தான் உரிமை என்பதும் தவறான எண்ணம். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதிய நிமிடமே உரிமை வந்துவிடும். உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 வருடத்துக்கும் அது இருக்கும். ஒவ்வொரு வடிவத்தையும் தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள். சான்றுக்கும் உதவும், முதலில் என்ன எழுத நினைத்தோம் என்று திரும்பிப் பார்க்கவும் உதவும்.

அடுத்தது வங்கி ஊழியர். கூட்டத்தில் பேச்சோடு பேச்சாக ஒரு யோசனை சொன்னதால் அவர் இணை ஆசிரியர் ஆகிவிட மாட்டார். இரண்டு பேர் சேர்ந்து உழைத்து, யார் பங்கு எது என்று பிரிக்க முடியாதபடி எழுதியதைத்தான் சட்டம் கூட்டுப் படைப்பு என்கிறது. அவரே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து நீங்கள் அதை ஒட்டிக்கொண்டால் கதை மாறும்; அதைச் செய்யாதீர்கள். சட்டம் இப்படி இருந்தாலும், மரியாதை என்று ஒன்று இருக்கிறது. எழுதுவதற்கு முன் அவரிடம், "சார், நீங்கள் சொன்னதை வைத்து ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன், உங்களுக்கு அதை எழுதும் எண்ணம் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். அவர் எழுதப்போகிறேன் என்றால் விட்டுக்கொடுங்கள். அந்தத் திருப்பம் இல்லாவிட்டால் உங்கள் கதை விழுந்துவிடும் என்றால், அது இன்னும் எழுந்து நிற்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அந்த வீட்டுக்காரர்களும் உங்கள் அம்மாவும்

"பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டேன், ஆகவே பயமில்லை" என்கிறீர்கள். இது பாதிதான் சரி. தெரிந்தவர்கள் படித்து இன்னார் என்று கண்டுபிடிக்க முடிந்தால் பெயர் மாற்றம் பெரிய காப்பு இல்லை. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவு அவதூறைப் பற்றியது. இரண்டு வருடம் வரை சிறை என்று போட்டிருக்கிறது. குடும்பத்தார் மனம் நோக வேண்டும் என்றே இறந்தவரைப் பற்றி இழிவாக எழுதுவதும் அதில் அடங்கலாம். ஒரு சிறுகதைக்கு யாரும் உடனே வழக்குப் போட ஓடமாட்டார்கள், அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் நீங்கள் கடிதத்தில் சொல்லியிருக்கும் அந்த நகை விவகாரம், ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த விஷயம். அதை அப்படியே வைத்தால் வீடு எது என்று தெரிந்துவிடும். கதைக்கு அது தேவையும் இல்லை. எடுத்துவிடுங்கள்.

எனக்கு இதைவிடக் கவலை உங்கள் அம்மாவைப் பற்றித்தான். தீபாவளிக்குப் புடவையும் செலவுக்குப் பணமும் அந்த வீட்டிலிருந்து இன்றும் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே நான் விளையாட்டாகப் போட்ட கதையை எழுதினீர்கள் என்று வையுங்கள். சமையல்காரம்மா சாமான்களைப் பையில் போட்டுக் கொண்டுபோய் விற்றார் என்று வந்தால், அது ஆச்சி சொல்லித்தான் என்று கதையின் கடைசி வரியில் வந்தாலும், ஊரில் பேசுகிறவர்கள் கடைசி வரி வரை வரமாட்டார்கள். "அப்ப அவ அம்மா எடுத்துத்தான் இருக்கா" என்று முடித்துவிடுவார்கள். ஒரு கருவை எடை போடும்போது கதை நன்றாக இருக்கிறதா என்பதோடு, இதன் சுமை யார் தோளில் இறங்கும் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. உங்கள் வட்டத்தில் இருப்பவர்களுக்கு இது தெரியாது, தெரியவும் நியாயமில்லை. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

உங்களுக்கு முன்னால் மூன்று வழி இருக்கிறது. எழுதி, அம்மா காலம் வரை வெளியிடாமல் வைத்திருப்பது. வீடு, ஊர், வேலை எல்லாவற்றையும் மாற்றி எழுதுவது. அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டு வெளியிடுவது. நான் மூன்றாவதன் பக்கம் சாய்வேன். அனுமதி கேட்கிற தோரணையில் வேண்டாம். "இப்படி ஒன்று எழுதியிருக்கிறேன், கேளு" என்று சாதாரணமாகப் படியுங்கள். நடந்தது அப்படி இல்லை, இப்படி என்று அவர் நாலு விஷயம் சொல்வார். உங்கள் ஐந்து வாசகர்களிடமும் கிடைக்காத கருத்து அதுவாக இருக்கும். அவர் முகம் சுருங்கினால் முதல் வழிக்குப் போங்கள். கணவர் சொல்வதையும் முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். அவர் கதையைப் பற்றிப் பேசவில்லை, பயத்தைப் பற்றிப் பேசுகிறார். எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்டால் நகை விவகாரத்தைத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன். அதை எடுத்துவிட்டதாகச் சொல்லுங்கள், பாதிப் பேச்சு அடங்கும்.

அடுத்த கூட்டத்துக்கு முன்

இனிமேல் கருவை வாயால் சொல்லிக் கருத்துக் கேட்காதீர்கள். கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் எழுதத் தொடங்குவதற்கு முன்பே டீ குடித்துக்கொண்டே கதையைச் சொல்லியிருக்கிறீர்கள். நாலு வரிக் கரு காதில் விழுந்தால் கேட்பவர் ஒவ்வொருவரும் தன் மனசில் தன் கதையை எழுதிவிடுவார். பிறகு நீங்கள் எழுதியதைப் படித்தாலும் அதோடுதான் ஒப்பிடுவார். கரு நிலையில் உதவி வேண்டுமானால் யோசனை கேட்காமல், "இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன கேள்வி வருகிறது?" என்று மட்டும் கேளுங்கள்.

முழு வடிவம் ஆனதும் அச்செடுத்து ஒரு வாரம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். உரக்கப் படித்தால் உங்கள் குரல் கதையின் ஓட்டைகளை அடைத்துவிடும். எங்கே நிறுத்தினீர்கள், எங்கே தள்ளிவிட்டுப் போனீர்கள், எதை நம்பவில்லை என்று ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் அவர்கள் பேசும்போது நீங்கள் வாயைத் திறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். "இல்லை சார், நான் என்ன நினைத்தேன் என்றால்..." என்று விளக்கத் தொடங்கினால் பேச்சு உங்களைப் பற்றி ஆகிவிடும். அன்று இரவே திருத்த உட்காராதீர்கள். சில நாள் கழித்தும் எந்தக் கருத்து உறுத்திக்கொண்டே இருக்கிறதோ, அதை மட்டும் எடுங்கள். திருத்துவது என்றால் முதலிலிருந்து எழுதுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தத் தேங்காய்ப் பத்தியைத் தொடாதீர்கள். அதைச் சுற்றி என்ன நிற்கும், என்ன நிற்காது என்று பாருங்கள்.

போட்டி ஒன்றுக்குக் கடைசித் தேதி இந்த மாத முடிவு என்று அடியில் எழுதியிருக்கிறீர்கள். ஆச்சி கதையை அதற்கு அனுப்ப வேண்டாம். அம்மாவிடம் படித்துக் காட்ட அவகாசம் போதாது. டவுன் பஸ் நடத்துநர் பற்றி நீங்கள் எழுதிய பழைய கதை ஒன்றைக் கடிதத்தில் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள் அல்லவா? வட்டத்தில் யாரும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். பேச ஒன்றும் இல்லாத அளவுக்கு அது முடிந்த கதையாகவும் இருக்கலாம். வேறு எங்கும் வெளிவந்திருக்கக் கூடாது என்ற விதி பெரும்பாலான போட்டிகளில் இருக்கும். ஐந்து பேர் தாளில் படித்ததை யாரும் வெளியீடு என்று சொல்லமாட்டார்கள், ஆனாலும் விதியை ஒருமுறை படித்துப் பாருங்கள். அதையே அனுப்புங்கள்.